நாற்காலியில் இருக்கும் கொம்பையா

கொம்பையா கம்ப்யூட்டரை ஒருநாளும் நம்பியது கிடையாது. கதவை நம்பினார். கடைசியில் காலை வாரியது கதவுதான்.

ஊரில் எல்லா வீட்டிலும் குளியலறைக்கு பிளாஸ்டிக் கதவு. இவர் வீட்டில் மட்டும் இரும்புத் தகடு. குளிக்கிற நேரம் பார்த்துக் கள்ளன் உள்ளே வந்துவிட்டால் என்ன செய்ய என்று, டிரெய்லருக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் சொல்லி அடித்து மாட்டியது. உள்பக்கத் தாழ்ப்பாளும் லாரிக் கதவுக்குப் போடுகிற தினுசு. அன்று காலையில் குளித்து முடித்து, துண்டைக் கட்டிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தார். பிடி கையோடு வந்தது. கம்பி சுவருக்குள்ளேயே நின்றுகொண்டது.

ஆட்டிப் பார்த்தார். தோளால் முட்டிப் பார்த்தார். கெட்டிக் கதவு. இவர் சொல்லிச் செய்த கதவு.

"ஏ... யாராவது இருக்கீங்களா? கதவு மாட்டிக்கிட்டு!"

மேலே கைக்குட்டை அகலத்துக்கு ஒரு ஜன்னல். அது திறப்பது பைப்புகள் இறங்குகிற சந்துக்குள். ஆடி மாசத்துப் பணகுடிக் காற்று தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், எதிரே நிற்பவன் ஏசினாலும் காதில் விழாது. கணவாயில் புகுந்து வருகிற காற்று, தகரத்தையும் தலைப்பாகையையும் பிடுங்கிக்கொண்டு போகிற காற்று. அதில் ஒரு கிழவன் கத்தி எவனுக்குக் கேட்கும்?

போன் ஹாலில் கிடந்தது. ஹாலில் வேறொன்றும் இருந்தது. கம்ப்யூட்டர். அதன் தலையில் கேமரா. அது எந்நேரமும் நார்வேயில் இருக்கிற மகளைப் பார்த்துத் திறந்தே கிடக்கும்.

காற்றாலைகளெல்லாம் கடலுக்குள் போய்விட்ட காலம் அது. கரையில் நின்ற காலத்தில் அவற்றின் இறக்கைகளைத் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து இழுத்து வந்தவர் கொம்பையா. அத்தனை நீள டிரெய்லரை வளைவில் திருப்பத் தெரிந்தவர். பள்ளிக்கூடம் ஒத்து வரவில்லை, ஸ்டியரிங் ஒத்து வந்தது. மகள் புஷ்பகலா அதே காற்றாலையைப் படித்து, நார்வேக் கடலில் கோபுரம் ஏறுகிற வேலைக்குப் போய்விட்டாள். வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கிற வீடுகளில் அப்போது ஒரு பழக்கம் வந்திருந்தது. போன் போட்டுப் பேசுவது போய், லைனைத் திறந்தே போட்டு வைப்பார்கள். அங்கே ஒரு திரை, இங்கே ஒரு திரை. போகிற போக்கில் ஒரு பார்வை, ஒரு வார்த்தை. ஒரே வீட்டில் இருக்கிற மாதிரி.

கலா வாங்கி அனுப்பிய கம்ப்யூட்டர் முதலில் லாரி மாதிரி இரைந்தது. சூட்டில் பக்கத்தில் உட்கார முடியாது. கீசரைப் போட்டால் வீட்டுக் கரண்ட் மொத்தமும் ட்ரிப் ஆகிவிடும். கீழே கடை வைத்திருக்கும் ஜெபராணியைக் கூப்பிட்டார். இவர் வீட்டுக்கு நேர் கீழேதான் அவள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. நாற்பது வயசுக்காரி, வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"படம் அப்படியே போவாது அண்ணாச்சி, சுருக்கித்தான் அனுப்பணும்," என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே. "அந்தச் சுருக்குத வேலைய இப்ப மெயின் ப்ராசசரே பாக்குது. அதான் இந்த இரைச்சல்."

"பெரிய எஞ்சின ஓட்டி வைப்பர் போடுத மாதிரியா?"

"அதேதான். அந்த வேலைக்குன்னே கார்டுல தனியா ஒரு சில்லு சும்மா கிடக்கு. டிரைவரப் போட்டு, 'சாஃப்ட்வேர்'னு இருக்கத 'ஹார்டுவேர்'னு மாத்திட்டா அது பாத்துக்கிடும். மிஷின் அனத்தாது."

"மாத்து. வேற என்னமும் தொடாத."

தொட்டாள். தொடாமல் முடியாது, கேள்விமேல் கேள்வியாகக் கேட்டது திரை.

"காத்துச் சத்தத்த வடிகட்டணுமான்னு கேக்குது."

"இந்த ஊர்ல கேக்கணுமாக்கும்? முழுசா வடிகட்டச் சொல்லு."

"முழுப்படம் எப்பப்ப அனுப்பணும்? ஒரு தடவ முழுசா அனுப்பிட்டு, அப்புறம் மாறுதத மட்டும்தான் அனுப்பும்."

"அதுவே பாத்துக்கிடட்டும்."

"லைன்ல எதாவது விட்டுப்போனா அதுவே நிரப்பிக்கிடட்டுமா? புதுச் சில்லுல்லா, கொஞ்ச நாள் உங்களப் பாத்துப் பழகிக்கிடும். படம் தடைபட்டா, நீங்க எப்படி இருப்பீங்களோ அப்படியே வரஞ்சிரும். பேச்சு அறுந்தா, அடுத்து என்ன சொல்லுவீங்களோ அதச் சொல்லிரும்."

கொம்பையா சிரித்தார். "நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியாது. அதுக்குத் தெரியுமோ?"

"அதுக்குத் தெரியும் அண்ணாச்சி."

"நிரப்பட்டும், என்ன கெட்டுப்போச்சு."

கெட்டுப்போனது அப்புறம்தான். இரைச்சல் நின்றது. சூடு நின்றது. கொம்பையாவின் சந்தேகம் நிற்கவில்லை. கண்ணை விழித்துக்கொண்டு ஒரு கேமரா நாள் முழுக்க நம்மைப் பார்த்தால், மகளைத் தவிர வேறு எவனெவன் பார்க்கிறானோ? கலா வேலைக்குப் போன நேரமெல்லாம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கேமராவின் தலையில் போட்டுவிடுவார். சில நாள் எடுக்க மறந்து டீக்கடைக்குப் போய்விடுவார். அங்கே திரையில் இருட்டுத்தான் தெரிந்திருக்கும், அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லையே என்று இவருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் சொன்னாள்: "நேத்து எவ்வளவு நேரம் பேசிட்டிருந்தோம்ப்பா. மனசுக்கு நல்லா இருந்துச்சு. இப்பல்லாம் ஏசவே மாட்டுக்கீங்க."

நேற்று அந்த நேரத்தில் கொம்பையா வள்ளியூர்ச் சந்தையில் இருந்தார். பிள்ளைக்கு வேலை அலுப்பு, நாள் குழம்புகிறது என்று விட்டுவிட்டார்.

இதெல்லாம் இப்போது, குளியலறை முக்காலியில் உட்கார்ந்திருக்கையில், ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றது. காரணம், ஹாலில் கலா பேச ஆரம்பித்திருந்தாள்.

"அப்பா! குளிச்சாச்சா?"

இவருக்குக் காது மந்தம் என்று ஸ்பீக்கரை உச்சத்தில் வைத்திருந்தார். கதவுக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாக ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. கொம்பையா துள்ளி எழுந்தார்.

"கலா! ஏட்டி, நான் பாத்ரூம்ல கிடக்கேன்! ஜெபராணிக்குப் போனப் போடு!"

ஹாலில் ஒரு அமைதி. ஒரு ஆள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம்.

பிறகு கலா, "சாப்பிட்டீங்களா? ம்... சரி," என்றாள்.

கொம்பையா கதவில் காதை வைத்தார். யார் சாப்பிட்டது? யார் சொன்னது?

அங்கே நாற்காலி காலியாகக் கிடக்கிறது. சில்லுக்கு அது விட்டுப்போன இடம். நிரப்பிக்கொண்டிருக்கிறது.

தாழ்ப்பாள் பிடியால் கதவை அடித்தார். இரும்பு அதிர்ந்தது. அவர் சத்தம் காற்றோடு காற்றாகத்தான் மைக்குக்குப் போயிருக்கும். முழுசா வடிகட்டச் சொல்லு என்றவர் அவர்தானே.

"ஒரு விசயம் கேக்கணும்ப்பா," என்றாள் கலா. குரல் இறங்கியிருந்தது. "கம்பெனில என்னைய நடுக்கடல் மேடைக்குக் கேக்காங்க. ஏழு வருசம். இடையில ஊருக்கு வர முடியாது. கப்பல் இன்னைக்கே கிளம்புது, ஏறுததுக்குள்ள கையெழுத்துப் போடணும். இல்லன்னா... இல்லன்னா இந்த மாசத்தோட எல்லாத்தயும் விட்டுட்டு ஊருக்கு வந்துருதேன். அங்கயே எதாவது பாத்துக்கிடுதேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வான்னா வந்துருவேன்."

"வாட்டி!" என்று கத்தினார் கொம்பையா. தொண்டை கிழிந்தது. "வந்துருட்டி! போகாத!"

மறுபடியும் அந்த அமைதி. அந்த அளவான அமைதி.

கலா சிரித்தாள். சிரிப்பில் ஈரம் இருந்தது. "எனக்கென்ன நல்லாத்தான் இருக்கேங்கீங்க. வேலையப் பாருங்கீங்க. எப்பவும் இதத்தான சொல்லுவீங்க."

கொம்பையா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். அந்தச் சில்லு பொய் சொல்லவில்லை, அதுதான் அவரைக் கொன்றது. போன வருசம் அவள் கேட்டபோது அவர் சொன்னது அதைத்தான். அதற்கு முந்தின வருசமும். காய்ச்சலில் கிடந்தபோதும், அவள் அம்மாவுக்கு முதல் திதி கொடுத்த அன்றும். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன், நீ வேலையப் பாரு. வா என்று ஒருநாளும் வாயில் வந்ததில்லை. பழகிப் பார்த்த சில்லுக்கு வேறு எதைச் சொல்லத் தெரியும்?

"யோசிச்சுச் சொல்லுங்கப்பா," என்றாள் கலா. "நான் சாமானெல்லாம் எடுத்து வச்சுட்டு வாரேன். லைன் அப்படியே இருக்கட்டும்."

அவள் பெட்டியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

கொம்பையா சுற்றும் முற்றும் பார்த்தார். கீசர் சுவிட்ச் உள்ளேதான் இருந்தது. முன்பெல்லாம் அதைத் தட்டினாலே கரண்ட் போகும். கரண்ட் போனால் மிஷின் நிற்கும். மிஷின் நின்றால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனும் ஒழிவான். தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. கீசருக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது, கரண்ட் போகவில்லை. மிஷின் இப்போது அனத்துவதில்லை அல்லவா? வைப்பருக்குத் தனி மோட்டார் வைத்தாயிற்று. கீசரை அணைத்தார்.

அப்போதுதான் தரையைப் பார்த்தார். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பிளக் பெட்டி ஹாலில் தரையோடு கிடந்தது. குளியலறையைவிட ஹால் ஒரு விரல் பள்ளம், கொத்தன் செய்த கோளாறு. கட்டின நாளிலிருந்து குளித்தால் ஹால் நனைகிறது என்று அவனை ஏசாத நாள் கிடையாது.

இடுப்புத் துண்டை அவிழ்த்தார். கேமராவை மூட எடுத்துப்போகிற அதே துண்டு. சுருட்டித் தண்ணீர் போகிற துவாரத்தில் திணித்து, குதிகாலால் மிதித்து அடைத்தார். இரண்டு குழாயையும் முழுக்கத் திறந்தார். பிறகு அம்மணமாக முக்காலிமேல் ஏறி, சுவரையும் குழாயையும் தொடாமல், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீரில் கரண்ட் ஏறினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மழையில் அறுந்து விழுந்த கம்பியை மிதித்த கிளீனர் ஒருத்தனை அவர் பார்த்திருக்கிறார்.

தண்ணீர் கதவிடுக்கைக் கண்டுபிடித்தது. வெளியே போனது. கொம்பையா வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதுவும் போய்ப் பார்த்ததில்லை.

"அப்பா, என்ன சொல்லுதீங்க?" கலா திரும்பி வந்துவிட்டாள். அளவான அமைதி. "ம். சரிப்பா. அங்க லைன் மெலிசாத்தான் இருக்குமாம். ஆனா ரெண்டு பக்கமும் சில்லு இருக்குல்லா, விட்டுப்போறத நிரப்பிக்கும். நாம எப்பவும் போலப் பேசிக்கலாம்."

இவர் இங்கே செத்துக் கிடந்தாலும் இரண்டு படங்கள் ஒன்றையொன்று சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருக்கும்.

பட்டென்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. கலாவின் குரலும் நின்றது.

இவர் நினைத்தது அவ்வளவுதான். நினைக்காதது, தண்ணீர் அதோடு நிற்காது என்பது. ஹால் நிரம்பி, சுவரோரம் வயர் இறங்குகிற துளை வழியாகக் கீழே ஜெபராணியின் கடையில் கொட்டியது. பிரித்து வைத்திருந்த நான்கு மிஷின்களின் மேல். அவள் ஏசிக்கொண்டே படியேறி வந்த சத்தம் அந்தக் காற்றிலும் கேட்டது.

"அண்ணாச்சி! கொழாய மூடாம எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"உள்ள கிடக்கேன் தாயி! கதவ உடை!"

பக்கத்துப் பட்டறையிலிருந்து கட்டரோடு ஆள் வந்தான். வாசல் கதவுக்கு மூன்று தாழ்ப்பாள். அறுத்து முடித்துவிட்டு, குளியலறை இரும்புக் கதவையும் பார்த்த பட்டறைக்காரன், "இது வீடா, பேங்க் லாக்கரா?" என்றான். ஜெபராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு வேட்டியை இடுக்கு வழியாக நீட்டினாள்.

வெளியே வந்த கொம்பையா முதலில் போனைத்தான் எடுத்தார்.

"கலா. அப்பா பேசுதேன். நீ போகாதட்டி. வா."

கப்பல் துறையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"யாரு பேசுதது?" என்றாள் கலா.

"நான்தான்ட்டி."

"எங்க அப்பா இப்பதான் என்கிட்ட பேசுனாரு. போன்னாரு. அதுக்குள்ள மாறுத ஆளு இல்ல அவரு." குரல் கட்டையாக இருந்தது. "வான்னோ, ரூவா அனுப்புன்னோ போன் வந்தா அது நானில்லன்னு அவருதான் எனக்குச் சொல்லித் தந்தாரு. வைங்க போன."

வைத்துவிட்டாள். மறுபடி போட்டால் போகவில்லை.

அவள் சொன்னது உண்மை. அடுத்த தெரு அருள்ராஜின் மகன் பொய்க்குரலை நம்பி, அப்பா சாகக் கிடக்கிறார் என்று துபாயிலிருந்து ஓடிவந்து, வேலையும் போய் நின்றான். அன்றைக்கே கொம்பையா மகளிடம் சட்டம் போட்டார்: குரலை எவனும் எடுப்பான், நம்பரை எவனும் எடுப்பான். நான் உன்னை வான்னு கூப்பிடவே மாட்டேன். கூப்பிட்டா அறுத்து விட்டுரு. வீட்டு லைனை மட்டும் நம்பு.

"மிஷின் நனையல அண்ணாச்சி," என்றாள் ஜெபராணி. கோபம் போய்விட்டது, அவளுக்கும் விசயம் புரிந்திருந்தது. "பிளக் பெட்டிதான் போச்சு. வேற பெட்டி போட்டுத் தாரேன். சில்லு வேண்டாம், பழைய மாதிரியே போட்டுருதேன். நீங்க எப்படி இருக்கீங்களோ அப்படியே போவட்டும்."

போட்டாள். மிஷின் லாரி மாதிரி இரைய ஆரம்பித்தது. கொம்பையா ஈரத்தலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் கலா வந்தாள், அங்கேயிருந்த திரையைக் கையோடு எடுத்துப் போயிருந்தாள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டிருந்தாள். பின்னால் கப்பலின் வெள்ளைச் சுவர்.

"அப்பா! கரண்ட் போச்சா? உங்க குரல்ல எவனோ..." என்றவள் நிறுத்தினாள். திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். "என்ன படம் கட்டம் கட்டமா வருது?"

"அது எவனும் இல்லட்டி, நான்தான். இவ்வளவு நாளா நீ பேசுனதுதான் நானில்ல. அது இந்த எளவெடுத்த சில்லு. நான் பாத்ரூம்ல மாட்டிக்கிட்டுக் கத்திக்கிட்டு இருந்தேன். நீ வா. நான் நல்லா இல்ல. எனக்கு ஒருத்தரும் இல்ல."

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது, எத்தனை வருசமாக இதைச் சொல்லாமல் வைத்திருந்தார் என்று.

கலாவின் முகம் மாறியது. கொம்பையா அந்தப் பார்வையைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். செக்போஸ்டில் நிற்கிறவனை, பாதி ராத்திரி கை காட்டுகிறவனை அவர் பார்க்கிற பார்வை. அவரேதான் அது.

"லைனுக்குள்ளயும் பூந்துட்டானுவ," என்றாள் அவள், பக்கத்தில் யாரிடமோ. "முகம் அப்பா மாதிரியே இருக்கு. ஆனா எங்க அப்பா இப்படிப் பேச மாட்டாரு." கப்பல் ஒருமுறை ஊதியது. அவள் கை திரையை அணைக்க நீண்டது.

"அண்ணாச்சி," என்றாள் ஜெபராணி மெதுவாக. "சில்லப் போட்டா நம்பும். அந்த மூஞ்சியத்தான் அந்தப் புள்ளைக்குத் தெரியும்."

"போட்டா, நான் சொல்லுதது போகுமா?"

"நீங்க நேருக்கு நேரா உக்காந்திருக்கீங்க. போகணும்."

"போகுமா போகாதா?"

"நீங்க இதுவரைக்கும் சொல்லாத வார்த்தை அண்ணாச்சி. விட்டுப்போச்சுன்னு நெனச்சு நிரப்பிருச்சுன்னா... எனக்குத் தெரியல."

கலாவின் விரல் திரையைத் தொட வந்துவிட்டது.

"போடு," என்றார் கொம்பையா.

இரைச்சல் நின்றது. கலாவின் கை நின்றது. அவள் முகம் இளகியது, சின்னப் பிள்ளையில் டிரெய்லர் கேபினுக்குள் தூக்கி உட்கார வைத்தபோது இளகுமே, அப்படி. "அப்பா," என்றாள். "பயந்தே போயிட்டேன்ப்பா."

கொம்பையா முதுகை நிமிர்த்தினார். கேமராவின் கண்ணுக்குள்ளேயே பார்த்தார். இமைக்கவில்லை. வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக, செவிடனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"வா. ஊருக்கு வா."

அளவான அமைதி.

கலாவின் கண் நிறைந்தது. தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"சரிப்பா," என்றாள். "நீங்க சொன்ன மாதிரியே செய்யுதேன்."

திரை அணைந்தது.

"என்ன கேட்டுச்சு அவளுக்கு?" என்றார் கொம்பையா.

ஜெபராணி தரையில் தேங்கின தண்ணீரைத் துடைப்பத்தால் வாசல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஈரத்தோட இருக்கீங்க, எந்திரிச்சு உடுப்ப மாத்துங்க," என்றாள்.

கொம்பையா அசையவில்லை. கேமராவின் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எழுந்தால் இன்னொருத்தன் வந்து உட்கார்ந்துவிடுவான்.